ஒன்பது விரல் போஸ்டர்

மனிதனுக்குக் கையில் மொத்தம் எத்தனை விரல் என்பது பதினாறு வயதில் எனக்குத் தெரியாது. இதை மறைத்துப் பயனில்லை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் இரண்டு ஷிப்ட் ஆட்களுக்கும் இந்த விஷயம் தெரியும்.

ப்ளஸ் ஒன் சேர்ந்த வருடம் எங்கள் பள்ளியில் காட்சிக்கலையும் டிஜிட்டல் மீடியாவும் என்று ஒரு பிரிவைப் புதிதாகத் தொடங்கினார்கள். சேர்ந்தவர்கள் ஏழு பேர். அதில் நான்கு பேர் வேறு எதிலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். நான் ஆசைப்பட்டுச் சேர்ந்தேன். இரண்டாவது வாரமே பெரிய ஓவியர் என்ற நினைப்பு வந்துவிட்டது. வீட்டுக் காலண்டரில் இருந்த முருகனுக்கு ஷேடிங் சரியில்லை என்று சொல்லி அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்பாவுக்கு இந்தப் படிப்பில் நம்பிக்கை இல்லை. அவர் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். எடை என்று ஒன்று இருந்தால்தான் அதைப் பொருள் என்றே ஒத்துக்கொள்வார்.

"அரைப் பரீட்சை வரைக்கும் பாக்கறேன். ஒண்ணும் தேறலைன்னா காமர்ஸுக்கு மாத்திடுவேன். ஹெச்.எம். கிட்ட பேசிட்டேன்" என்றார். (என்னிடம் பேசவில்லை.)

அந்த நேரத்தில்தான் அதே தொழிற்சாலையிலிருந்து பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. பாதுகாப்பு வாரத்துக்கு மாணவர்கள் போஸ்டர் செய்து தர வேண்டும். தேர்வாகும் படத்தை இருபதடி ஃப்ளெக்ஸாக அடித்து மெயின் கேட்டில் மாட்டுவார்கள். எங்கள் ஆசிரியை ஸ்டெல்லா மிஸ் அதைப் படித்து முடிப்பதற்குள், நான் மனதுக்குள் கேட்டில் மாட்டி முடித்திருந்தேன். அப்பா தினமும் நுழைகிற கேட். அதற்குமேல் என்ன வேண்டும்?

யோசனையும் உடனே வந்தது. விரித்துக் காட்டிய இரண்டு உள்ளங்கைகள். கீழே, 'பத்தும் பத்திரமாக வீடு திரும்பட்டும்'. மிஸ் அந்த வரியை மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "சூப்பர்டி" என்றார். அப்பாவையே மாடலாக்கினேன். வெள்ளைப் பெட்ஷீட்டை விரித்து, அவர் கைகளை அதன்மேல் வைத்து, போனில் நாற்பது படம் எடுத்தேன்.

"விரலை நல்லா விரிப்பா."

"இதுக்கு மேல விரிச்சா பிச்சுக்கும்மா" என்றார். ஆனாலும் விரித்தார்.

பள்ளிக் கணினியில் அதைப் பார்த்து வரையத் தொடங்கினேன். விரலுக்கு ஒரு லேயர் வைத்தேன். லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. இடைஞ்சலாக இருப்பதை ஒரு தட்டில் மறைத்துவிட்டு மற்றதில் வேலை செய்யலாம். வேலை முடிந்ததும் மீண்டும் ஒரு தட்டு, திரும்பி வந்துவிடும். வரும், தட்டினால்.

கடைசி நாள் மாலை இடது கைச் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சுண்டுவிரல் இடைஞ்சல் செய்தது. மறைத்தேன். சட்டையில் ஒரு மடிப்பு அற்புதமாக விழுந்தது. அந்த மடிப்பை நானே ரசித்துக்கொண்டிருந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சேவ் செய்து, மிஸ்ஸிடம் காட்டினேன். அவர் ஒற்றெழுத்துக்களை இரண்டு முறை சரிபார்த்தார். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. விரலை யார் எண்ணுவார்கள்?

படம் தேர்வானது. அதற்குப் பிறகு மூன்று நாட்கள் நான் தரையில் நடந்ததாக நினைவில்லை. சேரப்பணஞ்சேரி பஸ் நிறுத்தத்தில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

திறப்பு விழாவை மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில் வைத்தார்கள். முதல் ஷிப்ட் வெளியே வருகிறது, இரண்டாவது ஷிப்ட் உள்ளே போகிறது, நடுவில் நானும் ஸ்டெல்லா மிஸ்ஸும் இஸ்திரி போட்ட சீருடையில் நிற்கிறோம். அப்பா முன்வரிசையில் நின்று பக்கத்திலிருந்தவர்களிடம், "எம் பொண்ணு போட்டது. கை என்னுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என் படிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆலையின் மேலாளர் கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது. கைதட்டல். யாரோ சத்தமாக வரியைப் படித்தார்கள்: "பத்தும் பத்திரமாக…" அதோடு குரல் நின்றது. பிறகு கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"இன்னா முருகேசா, உன் கையில ஒம்பதுதான் கீது?"

அப்பா சட்டென்று தன் கைகளைத் தூக்கிப் பார்த்தார். (இதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பெற்ற மகளின் படத்தை நம்பி, சொந்தக் கையைச் சந்தேகப்பட்ட மனிதர்.) எண்ணினார். பத்து இருந்தது. நிமிர்ந்து போஸ்டரை எண்ணினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

அதற்குள் இரண்டு ஷிப்டும் விரலை நீட்டி எண்ணத் தொடங்கிவிட்டது. உள்ளே போக வேண்டிய வரிசை நகரவில்லை. சிலர் இரண்டாவது தடவை எண்ணினார்கள். சிரிப்பு கேட்டிலிருந்து கேன்டீன் வரை பரவியது. பாதுகாப்பு அதிகாரிக்கு வியர்த்தது. எனக்கு ஃபோர்க்லிஃப்டில் ஏறி யாராவது என்னைக் குடோனில் அடுக்கிவிட்டால் போதும் என்றிருந்தது.

மேலாளர் மைக்கோடு என்னிடம் வந்தார். "ஏம்மா, இது ஏதாவது காரணத்தோட செஞ்சதா?"

ஸ்டெல்லா மிஸ் என் காதருகே, "ஆமான்னு சொல்லு. வேணும்னேதான் சார்னு சொல்லிடு" என்றார். நல்ல யோசனைதான். வாயைத் திறந்தேன். எதிரே அப்பா இன்னும் கைகளை இறக்காமல் நின்றிருந்தார். அதைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"இல்ல சார். மறந்துட்டேன். சட்டை வரையறதுக்காக ஒரு விரலை ஆஃப் பண்ணேன். திருப்பி ஆன் பண்ணல."

மைக்கில் சொன்னதால் கேன்டீன் வரை தெளிவாகக் கேட்டது. பெரும் சிரிப்பு. அது அடங்குவதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இசக்கி என்று பெயர். இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் அப்பாவோடு வேலை செய்பவர். இடது கையை உயர்த்தினார். சுண்டுவிரல் இல்லை.

"எனக்கும் ஒம்பதுதான் சார். முந்தி வேற ஒரு பட்டறைல நின்னேன்லா, அங்க போச்சு. நானும் ஒரு நிமிசம் மறந்துதான் கைய விட்டேன். இந்தப் பிள்ள நெனச்சா திருப்பி ஆன் பண்ணிக்கிடலாம். எனக்கு அதுக்கு வழியில்ல பாத்துக்கிடுங்க." போஸ்டரைப் பார்த்தார். "இது இப்படியே இருக்கட்டும் சார். மாத்தாதிய."

யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் இன்னும் நகராமல் நின்ற வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்த கேட்ல எத்தனையோ போர்டு வச்சிருக்கோம். நின்னு பாத்தவங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன். இருக்கட்டும்."

இசக்கி அண்ணன்தான் முதலில் தட்டினார். பிறகு எல்லோரும். திரை விழுந்தபோது வந்ததைவிட இது பல மடங்கு பெரிய கைதட்டல். ஸ்டெல்லா மிஸ் என் தோளைப் பிடித்த பிடி மறுநாள் வரை வலித்தது.

பைக்கில் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரகடம் மேம்பாலத்தில் ஏறினோம். பாலத்திலிருந்து இறங்கியபின் அப்பா சொன்னார்: "காமர்ஸ் வாணாம். இதையே படி. ஆனா எண்ணு."

படித்தேன். இப்போது சென்னையில் ஒரு அனிமேஷன் நிறுவனத்தில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனையோ கைகளை வரைகிறேன், அத்தனையையும் எண்ணுகிறேன். அந்த ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்தபோது புதிதாக அடிக்கக் கொடுத்தார்களாம். அச்சுக் கடைக்காரர் தப்பு என்று நினைத்து, அக்கறையாக ஒரு விரலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார். மாட்டிய அன்றே ஆட்கள் புகார் செய்து, அதை இறக்கவைத்து, ஒன்பது விரலோடு மறுபடி மாட்டவைத்தார்கள்.

எங்கள் வீட்டில் அதன் பிறகு யாரும் "சரியா பாத்தியா?" என்று கேட்பதில்லை. "எண்ணிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். சாம்பாருக்கு உப்பு போட்டாலும் அதுதான் கேள்வி.

போன மாதம் என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா போன் செய்தார். எடுத்தவுடன், "எண்ணிட்டேம்மா. கையில பத்து, கால்ல பத்து" என்றார்.

"சரிப்பா. பொண்ணா, பையனா?"



"அத இன்னும் பாக்கல."