பதினோராயிரத்து நானூற்று ஆறு

கம்ப்யூட்டர் திரையில் 'பன்னிரண்டு' என்று வந்தது.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் பன்னிரண்டுதான்.

"ஏம்மா, இந்த ஸ்டோர் ரூம்ல இருக்கறது மொத்தமே பன்னிரண்டு சாமானா?"

புரோகிராமர் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேனேஜர் கதவோரம் நின்றிருந்த ஸ்டோர் கீப்பர் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. எத்தனை?"

"பதினோராயிரத்து நானூற்று ஆறு சார்."

புத்தகம் பார்க்கவில்லை, விரல் மடக்கவில்லை. யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொன்னது போல இருந்தது.

"கேட்டுக்கோம்மா. உன் மெஷினுக்கும் இவனுக்கும் கணக்கு ஒத்துப்போகணும். அதுவரைக்கும் ஒரு சாமானும் உள்ள வரவும் கூடாது, வெளிய போகவும் கூடாது. நான் தினமும் நாலு மணிக்கு வந்து பாப்பேன்." மேனேஜர் போய்விட்டார்.

தையல் மெஷின்களுக்கு உதிரி பாகம் விற்கும் கம்பெனி அது. ஸ்டோர் கீப்பரை அங்கே எல்லோரும் 'ஸ்டோர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி, பாபின், பெல்ட், வாஷர், கண்ணுக்கே தெரியாத ஸ்க்ரூ என்று எல்லாம் அவன் பொறுப்பு. அன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்த புரோகிராமரை அவன் மூன்று முறை பார்த்திருந்தான். மூன்று முறையும் தற்செயலாக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். பன்னிரண்டுன்னா அலமாரி எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு" என்றான் ஆறுதலாக.

"அதேதான் சார். முதல் அடுக்கை மட்டும் எண்ணிட்டு நின்னுடுச்சு. உள்ளே போகணும்னு இன்னும் அதுக்கு நான் சொல்லலை."

திரையின் இடது பக்கத்தைக் காட்டினாள். பன்னிரண்டு அலமாரிகளின் பெயர்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குட்டிக் கூட்டல் குறி. அதை அமுக்கினால் அலமாரிக்குள் இருக்கும் தட்டுகள் கீழே விரிந்தன. தட்டை அமுக்கினால் டப்பாக்கள். டப்பாவை அமுக்கினால் அதற்குள் இன்னும் டப்பாக்கள்.

"இதுக்கு மரம்னு பேரு சார். இதுல வர்ற ஒவ்வொரு பேரும் ஒரு நோடு."

"மரத்தைத் தலைகீழா நட்டிருக்கீங்களே மேடம். வேர் மேல இருக்கு."

"கம்ப்யூட்டர்ல எல்லா மரமும் இப்படித்தான் வளரும். அது இருக்கட்டும், நீங்க எப்படி எண்ணுவீங்க?"

அவன் கூச்சத்தோடு ஆரம்பித்தான். "அலமாரியத் திறப்பேன். தட்டு இருந்தா இழுப்பேன். அதுல டப்பா இருந்தா திறப்பேன். டப்பாக்குள்ள டப்பா இருந்தா அதையும் இதே மாதிரிதான். உள்ள டப்பாவே இல்ல, சாமான் வந்துடுச்சுன்னா எண்ணுவேன். எண்ணினத மனசுல வச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா மூடிக்கிட்டே மேல வந்துடுவேன்."

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"வெளியில செய்யற அதே வேலையத்தான் உள்ளயும் செய்யறீங்க. எத்தனை அடுக்கு இருக்குன்னு முன்னாடியே தெரிய வேண்டியதில்ல."

"தெரிஞ்சா பயந்துடுவேன் மேடம்."

அவள் சிரித்துவிட்டாள். "புரோகிராமும் அப்படித்தான் சார். ஒரு டப்பாவ எண்ணுன்னு ஒரு தடவை எழுதினாப் போதும். உள்ள இன்னொரு டப்பா கிடைச்சா, அது தன்னையே மறுபடி கூப்பிட்டுக்கும். நாங்க காலேஜ்ல தலைய பிச்சுக்கிட்டுப் படிச்சத நீங்க நின்ன இடத்துலயே சொல்லிட்டீங்க."

அவனை இதுவரை யாரும் காலேஜோடு சேர்த்துப் பேசியதில்லை. காது சூடாகிவிட்டது.

"அப்ப சீக்கிரம் முடிஞ்சுடுமா மேடம்?"

"முடிஞ்சுடும். அதுக்கு ஏன் முகம் இப்படி வாடுது?"

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தான். ஆனால் அவள் கேட்ட விதம் அப்படி.

"இது சரியா எண்ண ஆரம்பிச்சா இங்க ஆள் எதுக்குன்னு மேனேஜர் கேக்கறாரு. துறைமுகக் கிடங்குக்கு மாத்தல் ஆர்டர் டைப் பண்ணி வச்சாச்சு. கையெழுத்துதான் பாக்கி. அண்ணன் கப்பல்ல இருக்காரு. வீட்டுல அண்ணியும் ரெண்டு பொண்ணுங்களும் என் ஒருத்தன நம்பித்தான் இருக்காங்க. அதான், வேற ஒண்ணுமில்ல."

வேறு ஒன்றும் இருந்தது. அதை எண்ணிப் பார்க்க அவனுக்கே தைரியமில்லை.

"அப்படியா" என்று மட்டும் சொல்லி, அவள் பேனாவை மூடினாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மேனேஜர் பொத்தானை அமுக்கினார். இருபத்திரண்டாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு. சந்தேகப்பட்டு மறுபடி அமுக்கினார். முப்பத்துநாலாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.

"என்னம்மா இது, அமுக்க அமுக்கக் குட்டி போடுது?"

"பழைய கூட்டலை அழிக்காம அது மேலேயே எண்ணுது சார்."

"நீ எத்தனைப்பா சொன்னே?"

"பதினோராயிரத்து நானூற்று ஆறு சார்."

மேனேஜர் போனதும் ஸ்டோர் அவளிடம் மெதுவாகச் சொன்னான். "நான் எண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சிலேட்ட நல்லா துடைச்சுடுவேன் மேடம். அதே மாதிரி இதுலயும் துடைச்சுட்டா?"

"நல்ல யோசனை சார்."

புதன்கிழமை திரையில் 'ஒன்று' என்று வந்தது. ஒவ்வொரு டப்பாவுக்குள் நுழையும்போதும் புரோகிராம் சிலேட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்திருந்தது. கடைசி டப்பாவில் இருந்தது ஒரே ஒரு பாபின் கேஸ்.

"நேத்து முப்பத்துநாலாயிரம், இன்னைக்கு ஒண்ணு" என்றார் மேனேஜர். "நடுவுல எங்கயாவது நிக்காதா?"

ஸ்டோருக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் யோசனையால் வந்த வினை. பரிகாரமாக இன்னொரு யோசனை சொன்னான். "திறந்து பாத்ததத்தான் எண்ணணும் மேடம். மூடியிருக்கற டப்பாவ நம்பவே கூடாது."

வியாழக்கிழமை புரோகிராம் அதை அப்படியே கடைப்பிடித்தது. திரையில் விரித்து வைத்த கிளைகளை மட்டும் எண்ணியது. மேனேஜர் நாலு அலமாரிகளை விரித்தார், மூவாயிரத்துச் சொச்சம். எல்லாவற்றையும் மூடினார், பூஜ்யம்.

"கண்ண மூடிக்கிட்டா உலகமே இல்லைங்குது" என்றார். பிறகு ஸ்டோரிடம் திரும்பினார். "நாலாவது அலமாரி, ரெண்டாவது தட்டு. என்ன இருக்கு?"

"பெல்ட் சார். பெருசு அறுபது, சின்னது நூத்திப் பத்து."

மேனேஜர் உள்ளே போய், கால் மணி நேரம் கழித்துக் கைக்குட்டையில் தும்மிக்கொண்டே வந்தார். "நூத்திப் பத்துதான்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக்கு ஸ்டோரின் சாக்பீஸ் முறை. எண்ணி முடித்த டப்பாவுக்கு அவன் ஒரு டிக் போடுவான். உள்ளே எல்லாவற்றுக்கும் டிக் விழுந்துவிட்டால் அலமாரிக்கும் டிக். அலமாரிக்கு டிக் போட்டால் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் போட்டதாக அர்த்தம். அவள் ரசித்துக் கேட்டு, இரண்டையும் எழுதினாள். மேனேஜர் ஒரு அலமாரிக்கு டிக் போட்டார். அலமாரி டப்பாக்களுக்கு டிக் போட்டது. டப்பாக்கள் நன்றியோடு அலமாரிக்குத் திருப்பிப் போட்டன. அலமாரி விடுமா, மறுபடி டப்பாக்களுக்குப் போட்டது. இந்த உபசரிப்பு முடிகிற வழியாக இல்லை. கம்ப்யூட்டர் அசையாமல் நின்றது. அதில் மேனேஜர் காலையிலிருந்து தட்டி வைத்திருந்த நாலு பக்கக் கடிதமும் சேர்ந்து போனது.

அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் சாப்பாட்டுத் தட்டில் இருந்ததைத் தொடவே இல்லை. அண்ணி எதிரில் உட்கார்ந்தாள்.

"கொழுந்தனாரே, வேலை போகப்போற ஆள் முகம் எனக்குத் தெரியும். இது வேற முகம்."

"சரியா வந்தா நான் போகணும் அண்ணி. தப்பா வந்தா அவங்க போகணும்."

"அவங்கன்னா?"

"புரோகிராமர் மேடம். எவ்வளவு பொறுமை தெரியுமா. அத்தனை பேர் எதிர்ல தப்பாகுது, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசறதில்ல. நான் சொல்ற அரைகுறை யோசனைய எல்லாம் மரியாதையா எழுதிக்கறாங்க. கெடுக்கறதே நான்தான்."

"ஓ, பொறுமை" என்றாள் அண்ணி. "நான் பதினஞ்சு வருஷமா இந்த வீட்டுல பொறுமையா இருக்கேன். எனக்காக ஒருத்தரும் சாப்பாட்ட விட்டதில்ல."

திங்கட்கிழமை பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று வந்தது. காலி டப்பாக்களையும் சாமானாகச் சேர்த்து எண்ணியிருந்தது.

"கிட்ட வந்திருக்கே" என்று ஆசையாகச் சொன்னார் மேனேஜர். "ஒருவேளை இதுதான் சரியோ? நீயும் மனுஷன்தானேப்பா, எங்கயாவது விட்டிருப்பே. வா, பாத்துடலாம்."

டார்ச் லைட்டோடு இருவரும் அலமாரிகளுக்கு நடுவே புகுந்தார்கள். மேனேஜர் நினைத்த இடத்தில் நினைத்த டப்பாவைத் திறப்பார். ஸ்டோர் திறக்கும் முன்பே எண்ணைச் சொல்வான். இரண்டு மணி நேரம் இது நடந்தது. ஏழாவது அலமாரியில் மேனேஜர் வெற்றிச் சிரிப்போடு நிமிர்ந்தார்.

"மாட்டினே. முப்பத்தெட்டு ஸ்பிரிங்னு சொன்னே. முப்பத்தேழுதான் இருக்கு."

"இப்ப கொட்டறப்ப ஒண்ணு கீழ விழுந்துச்சு சார். உங்க வலது ஷூவுக்குப் பக்கத்துல."

மேனேஜர் குனிந்து எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அவனையே பார்த்தார். வெளியே வந்து புரோகிராமரிடம் சொன்னார்: "நாளைக்கும் கணக்கு சரியா வரலன்னா வேற ஆள வச்சுக்கறேம்மா. மனசுல வச்சுக்காதே."

செவ்வாய் காலை ஸ்டோர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டான். அவள் வந்து கைப்பையை வைப்பதற்குள் சொல்லிவிட்டான்.

"இன்னைக்கு எப்படியாவது சரியா வரட்டும் மேடம். என் யோசனை எதையும் கேக்காதீங்க. நான் பெட்டி கட்டிட்டேன். அண்ணிகிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் என்னவோ இருந்தது. அதைப் படிக்கிற படிப்பு அவனுக்கு இல்லை.

"நேத்து மேனேஜர் எவ்வளவு நேரம் உங்ககூட உள்ள இருந்தாரு?"

"ரெண்டு மணி நேரம் மேடம்."

"ஒரு டப்பாலகூட கணக்கு மாறி வரலையா?"

"எப்படி மாறும்?"

"அப்ப சரி சார்" என்று சொல்லிவிட்டு அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

நாலு மணி. மேனேஜர் பொத்தானை அமுக்கினார்.

பதினோராயிரத்து நானூற்று ஆறு.

மறுபடி அமுக்கினார். அதே எண். கிளைகளை மூடி அமுக்கினார், திறந்து அமுக்கினார், எல்லாவற்றுக்கும் டிக் போட்டு அமுக்கினார். அசையவில்லை. ஸ்டோர் மூச்சை விட்டான். அது நிம்மதியா, துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. துறைமுகத்துக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று யோசித்தான்.

"அந்த மாத்தல் ஆர்டர்ல நான் கையெழுத்துப் போடப் போறதில்ல" என்றார் மேனேஜர்.

ஸ்டோருக்குப் புரியவில்லை.

"ஆறு தடவை இந்த மெஷின் ஒண்ணு சொல்லுச்சு, நீ ஒண்ணு சொன்னே. ஆறு தடவையும் நீதான் சரி. பத்து வருஷமா இங்க உக்காந்திருக்கே, இந்த ஆறு நாள்லதான் உன்னையே நான் பாத்தேன். இது நாளைக்கு மறுபடி ஏதாவது உளறிச்சுன்னா, உளறுதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணாமா? நீ இங்கயே இரு." பிறகு புரோகிராமரைப் பார்த்து, இரக்கத்தோடு சேர்த்துக்கொண்டார்: "நீயும் கவலைப்படாதேம்மா. சிலருக்கு மெதுவாத்தான் வரும். இவர்கிட்ட கேட்டுக் கத்துக்கோ."

"சரி சார்" என்றாள் அவள், தலையைக் குனிந்தபடி.

ஸ்டோருக்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. தனக்கு வந்த நல்ல பேரெல்லாம் அவளிடமிருந்து பிடுங்கியது போல இருந்தது. ஐந்து மணிக்கு அவள் கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டிருந்தாள். நேரில் மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. வாசலுக்கு வந்தான்.

அங்கே ஒரு பெண் ஸ்கூட்டரில் காத்திருந்தாள். புரோகிராமரின் தங்கை, தினமும் இந்நேரம் அக்காவை அழைத்துப் போக வருகிறவள். முகத்தில் அதே சாடை. வாய் மட்டும் கொஞ்சம் பெரிது.

"நீங்கதான் ஸ்டோர் சாரா?" என்றாள்.

"ஆமாம்மா. வீட்டுல உங்க அக்காவ யாரும் ஒண்ணும் சொல்லிடாதீங்க. இத்தனை நாள் தப்பு வந்தது அவங்களால இல்ல. நான் சொன்ன யோசனையாலதான். பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க."

தங்கை ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"கஷ்டம்தான் சார். சரியா எழுதறத அவ முதல் நாள் சாயங்காலமே பத்து நிமிஷத்துல முடிச்சுட்டா. உங்க கணக்குதான் சரின்னு உங்க மேனேஜருக்கு உறைக்கற மாதிரி தினம் ஒரு புதுத் தப்பு கண்டுபிடிக்கறதுக்குள்ளதான் அவளுக்கு உயிரே போயிடுச்சு."