சிவப்பு நூல் கம்பளி

கங்காணி வீரசிங்கத்தின் கம்பளி காணாமல் போய் அன்றோடு மூன்று நாள். பூனாகலைத் தோட்டத்து மழைக்கு அவர் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக் களத்தில் நின்று ஆள் எண்ணினார். சிரிப்பு வந்தவர்கள் எல்லோரும் இருமிச் சமாளித்தார்கள்.

பண்டாரவளையில் ரயிலிறங்கி மாட்டு வண்டியில் வந்த புதுக் கம்பளிகள். தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பத்துக் காம்பராவுக்கும் ஒரே கறுப்பு, ஒரே நீளம். கங்காணியுடையதில் மட்டும் அவர் மனைவி அன்னலட்சுமி மூலையில் சிவப்பு நூல் தைத்திருந்தாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோரும் கழற்றிக் குவித்தபோதுதான் அது போயிற்று. கடைசியில் மிஞ்சிக் கிடந்ததில் நூல் இல்லை; அதைக் கங்காணி தொடவில்லை.

"எடுத்தவன் தோட்டத்தை விட்டே போகணும். கண்டுபிடிக்கிறவன் என்ன கேட்டாலும் தர்றேன்" என்றார் கங்காணி.

தம்பையாவுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது: கங்காணியின் மகள் காத்தாயி. எடை போட்ட கொழுந்தை ஸ்டோருக்குச் சுமக்கும் இருபது வயதுக்காரன் அவன். போன மாதம் தொலைந்த ஆட்டைக் கண்டுபிடித்தவன் என்று லயத்தில் பெயர். ஆடு தானாகவே திரும்பி வந்ததை அவன் மறைக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

"பத்துக் காம்பராக் கம்பளியையும் வாசல்ல போடுங்க. மூலையைப் பார்த்தா முடிஞ்சிச்சு!"

போட்டார்கள். மிஞ்சிக் கிடந்ததையும் அவனே கொண்டுவந்து குவியலில் எறிந்தான். தன்னுடையதை மட்டும் கழற்றவில்லை. துப்பறிகிறவன் சளி பிடித்துப் படுத்தால் வழக்கு என்னாவது? பாதி பார்ப்பதற்குள் மழை கொட்டியது. ஆளுக்கொன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். எது யாருடையது என்று பத்துக் காம்பராவிலும் சண்டை.

"ஒருத்தரு நனைஞ்சாரு. இப்ப லயமே நடுங்குது" என்றான் பக்கத்துக் காம்பரா மாடசாமி, சண்டையில் வீங்கிய நெற்றியைத் தடவிக்கொண்டே.

மறுநாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த காத்தாயியைத் தம்பையா விசாரித்தான்.

"எடுத்ததைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"யாரு?"

"பேரைச் சொல்ல மாட்டேன்."

"பயமா?"

"பயமில்ல. சொல்லக் கூடாது."

முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஓடினாள். பாதிக் குடம் வழியிலேயே சிந்திப் போனது.

தம்பையா அங்கேயே உட்கார்ந்து யோசித்தான். பெண்பிள்ளை சொல்லக் கூடாத பெயர் புருஷன் பெயர். இவளுக்குத்தான் கல்யாணமே ஆகவில்லையே! அடுத்த மரியாதை அப்பாவுக்கு.  மாமனாராக வேண்டியவரையா பிடித்துக் கொடுப்பது? ஆனாலும் உண்மை உண்மைதானே.

விடிந்ததும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "கம்பளியை எடுத்தது கங்காணி ஐயாதான்!"

இருமல்கூட நின்றுபோயிற்று.

"என் கம்பளிய நானே களவெடுத்துட்டு, சாக்கைப் போர்த்திக்கிட்டு நிக்கிறேனா?"

"காத்தாயி பார்த்திருக்கு. பேரைத்தான் சொல்ல மாட்டேங்குது. அப்பா பேராச்சுங்களே!"

"மூட்டையைக் கட்டுடா!" கங்காணி கம்பை ஓங்கினார்.

தம்பையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தோட்டமும் போயிற்று, காத்தாயியும் போய்விட்டாள்.

அன்னலட்சுமி குறுக்கே வந்து கம்பைப் பிடித்தாள். தலை குனிந்து நின்ற மகளைப் பார்த்தாள்; பிறகு தம்பையாவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"அப்பா பேரை எம்மக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவா. உங்க பேரைத்தான் ரெண்டு வருஷமா சொல்றதில்ல. போர்த்தியிருக்கிறதைக் கழட்டி மாமாகிட்ட குடுங்க, மாப்பிள்ளை."