எண்ணூறு முட்டையும் ஒரு ஜெனரேட்டரும்

காலை பத்து மணிக்குப் போன கரண்ட் பத்தேகாலுக்கும் வரவில்லை. பொரிப்பு இயந்திரத்துக்குள் எண்ணூறு முட்டைகள். அத்தனைக்கும் பத்தொன்பதாவது நாள். இன்னும் இரண்டே நாளில் குஞ்சு வெளியே வந்தாக வேண்டும். உள்ளே சூடோ முப்பத்தேழரை டிகிரியிலிருந்து மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது.

கம்ப்யூட்டர்காரர் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோழிப்பண்ணை ஆரம்பித்து ஏழு மாதமாகியும் தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். முதலில் வைத்த இரண்டு ஈடு முட்டையும் பொரிக்காமல் கூழாய்ப் போயின. இதுவும் போனால் மறுபேச்சில்லாமல் பழைய ஆபீசிலேயே போய்க் கைகட்டி நிற்க வேண்டும் என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். அவரும் ஏதோ வீறாப்பில் தலையாட்டித் தொலைத்திருந்தார்.

கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த யுபிஎஸ்ஸைத் தூக்கி வந்து இயந்திரத்துக்குக் கொடுத்தார். பதினைந்து வருடம் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டியவர். ஆனால் எழுத்துக் காட்டும் பெட்டிக்கும் சூடு கக்கும் பெட்டிக்கும் பசி வேறு வேறு என்பது அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. யுபிஎஸ் நாலு தரம் கத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

அடுத்தது ஜெனரேட்டர். எட்டுக் கடை ஏறி இறங்கி, சத்தம் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று துருவித் துருவி வாங்கியது. அதைப் பொருத்தித் தர எலக்ட்ரீஷியன் வந்தபோது மட்டும், நமக்குத் தெரியாததா என்று திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது பார்த்தால் வயர் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பண்ணை வரைக்கும் எட்டவில்லை.

எலக்ட்ரீஷியனையே கூப்பிடலாமே என்றாள் மனைவி. அது தன்மானப் பிரச்சினை. வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டினார். ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றதை வாசல் சுவர் சாக்கெட்டிலும் செருகினார். வீடு முழுக்க விளக்கெரிந்தது.

"பாத்தியா?" என்றார்.

"அது ஏங்க இப்படி முக்குது?"

நிஜமாகவே முக்கியது. ஃப்ரிட்ஜை நிறுத்தினார். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினார். பொரிப்பு இயந்திரம் ஒன்றுதான் மிச்சம். அப்போதும் ஜெனரேட்டர் இழுத்து இழுத்துத்தான் மூச்சுவிட்டது. இரண்டு தரம் நின்றே போனது. இரண்டு தரமும் கயிற்றை இழுத்து உசுப்பியதில் அவருக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஸ்கூட்டரிலிருந்த பெட்ரோலையும் உறிஞ்சி ஊற்றியாகிவிட்டது. சூடு முப்பத்தைந்துக்கு வந்துவிட்டது.

வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் கொண்டுவந்து இயந்திரத்தின் மேல் போர்த்திக்கொண்டிருந்த மனைவிக்குக் கண் கலங்கியிருந்தது.

"இந்த ஈடாச்சும் பொரிச்சிடணுங்க" என்றாள்.

என்ன ஆனாலும் ஜெனரேட்டரை நிற்கவிடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு ஓடினார். வழியில் பக்கத்து வீட்டுக் கூடத்தில் மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்து வாங்கத் தெரிந்தவன் எப்படி நல்ல இன்வெர்ட்டராக வாங்கியிருக்கிறான் என்று வயிறெரிந்தார்.

தெருமுனையில் கம்பத்தில் ஏணி சாய்த்திருந்தது. ஏணியில் ஆளில்லை. கீழே நிழலில் லைன்மேன் காலை நீட்டி உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டர்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மணி நேரமாக எண்ணூறு உயிர் ஊசலாடுகிறது, உங்களுக்குக் காது குடைச்சலா என்று ஒரு பாட்டம் கத்தினார். பிறகு குரல் உடைந்துபோய்க் கையைக் கூப்பினார்.

"அண்ணே, உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன், கொஞ்சம் ஏறுங்கண்ணே."

லைன்மேன் நிதானமாக எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பத்து நிமிச வேலைதான் சார், எவனோ ஒரு புத்திசாலி ஜெனரேட்டர போட்டு மொத்தத் தெருவுக்கும் கரண்ட் விட்டுக்கிட்டிருக்கான், ரெண்டு தடவ அது நின்னுச்சேன்னு நானும் ஏணியில கால வச்சேன், ரெண்டு தடவையும் பாவி மறுபடி உசுப்பிட்டான்."