புது சீட் கவர்

வாழ்க்கையில் நான் பெரிதாக ஏமாற்றியது ஒரு மோட்டார் சைக்கிளைத்தான். அது திருப்பி என்னை ஏமாற்றவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டது. சொன்ன இடம்தான் சரியில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சித்தூரில் ஒரு ஜூனியர் காலேஜில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். படித்த பிள்ளைகள் எல்லாம் பெங்களூருக்குப் பெட்டி கட்டத் தொடங்கிய காலம். லோன் போட்டு ஒரு நூறு சி.சி. வண்டி வாங்கியிருந்தேன். எத்தனை கிலோமீட்டரில் என்ன வேலை செய்யவேண்டும் என்று அதன் சர்வீஸ் புத்தகத்தில் அச்சடித்திருந்தது. இலவச சர்வீஸ் முடியும்வரை அதைப்போல நேர்மையான புத்தகம் இல்லை என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லித் திரிந்தேன். முதல் பெரிய சர்வீஸுக்கு என் சம்பளத்தில் பாதி கேட்டதும் அது கொள்ளைக்காரர்களின் புத்தகமாகிவிட்டது.

மெக்கானிக் முனிரத்தினம் செயினை விரலால் தூக்கிக் காட்டினார். "மாஸ்டாரு, இதுக்கு மேல டைட் பண்ண எடமில்ல. ஸ்பிராக்கெட்டுல பல்லும் தேஞ்சுபோச்சு. செட்டா மாத்திடலாம்."

"மாத்தலன்னா?"

"ஓடும். எத்தினி நாளுன்னு மட்டும் என்னாண்ட கேக்காதீங்க."

நான் 'ஓடும்' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். எஃகின் வலிமையைப் பாடம் நடத்துகிறவனிடமே செயின் அறும் என்கிறானே! (அவர் செயினைக் கையால் தொட்டிருந்தார். நான் எஃகைக் கரும்பலகையில் மட்டும் பார்த்திருந்தேன்.)

என் மனைவி சரோஜா நகரியில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். "எங்க நைனா தறி நல்லா ஓடிக்கினு இருக்கும்போதே பிரிச்சு எண்ண போடுவாரு. நின்னப்புறம் பாத்தா பாவு நூலு மொத்தமும் போயிடும்னுவாரு. போய் சர்வீஸ் உடுங்க" என்று சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பணத்தில் வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். சிவப்பு நிறத்தில் மெத்தென்று ஒரு சீட் கவர் போட்டேன். மீதியைத் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றும் வருகிற கேபிள் கனெக்‌ஷனுக்குக் கட்டினேன். வண்டி மாப்பிள்ளை மாதிரி வாசலில் நின்றது. "சர்வீஸ் ஆச்சா?" என்றாள். "ஆச்சு" என்றேன்.

அடுத்த மாதம் என் மகள் உமாவுக்குத் திருப்பதியில் எழுத்துத் தேர்வு. பெங்களூர் கம்பெனி ஒன்று ஒரே ஒரு நாள் வந்து ஆள் எடுக்கிறது. பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். சரோஜா பஸ்ஸில் போகச் சொன்னாள். "சர்வீஸ் பண்ண வண்டி வீட்டுல இருக்கும்போது பஸ் எதுக்கு?" என்றேன். பொய் சொன்னவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அதன்மேல் மகளை உட்காரவைத்துச் சவாரியும் போனேன்.

புத்தலப்பட்டு தாண்டியதும் 'படார்' என்று ஒரு சத்தம். என்ஜின் உற்சாகமாக உறுமியது, சக்கரம் மட்டும் அதைக் கேட்கவில்லை. செயின் பின்னால் ரோட்டில் செத்த பாம்பாகக் கிடந்தது.

எதிரே இருந்த பஞ்சர் கடைக்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இன்னா சார், இத மாத்தவே இல்லியா? இதுக்குப் புது சீட் கவரு வேறயா?"

உமா என்னைப் பார்த்தாள். "நைனா, சர்வீஸ் உட்டேன்னியே?"

"உட்டேம்மா."

"காணிப்பாக்கம் இப்பதான் தாண்டி வந்தோம். வா, குளத்துல முழுகிட்டு வந்து அதையே சொல்லு."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு கோர்ட் கிடையாது. காணிப்பாக்கம் குளத்தில் முழுகி, பிள்ளையார் முன்னால் ஈர வேட்டியோடு பொய்ச் சத்தியம் செய்ய திருடன்கூடத் துணியமாட்டான். பாதி வழியிலேயே உண்மையைக் கக்கிவிடுவான். நானோ வகுப்பில் சத்தியம், சகுனம் எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறவன். 'வா, போகலாம்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

"சர்வீஸ் உடல" என்றேன். "கழுவினேன். கவர் போட்டேன்."

பஞ்சர் கடைக்காரர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முகூர்த்த நாள். இரண்டு பஸ் நிற்காமலே போயின. மூன்றாவதில், சர்டிபிகேட் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு உமா படியில் தொத்திக்கொண்டு போனாள். அவள் போய்ச் சேர்ந்தபோது கேட்டைப் பூட்டி அரைமணி ஆகியிருந்ததாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் அழவில்லை, கத்தவில்லை. கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, "அம்மா, சீட் கவரு மட்டும் நல்லா மெத்துன்னு இருந்துச்சு" என்றாள்.

அடுத்த ஒரு வருஷம் மாம்பழக்கூழ் ஃபாக்டரி ஆபீஸில் லாரி நம்பர்களை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வேறு கம்பெனி வந்தது. பெங்களூர் போனாள், அங்கிருந்து அமெரிக்கா. நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த ஒரு வருஷத்தை நான் அவளுக்குத் திருப்பித் தர முடியாது.

அந்த சர்வீஸ் லிஸ்டில் பாதி அநாவசியம் என்று இன்றும் சொல்வேன். கேட்கிற எல்லாவற்றுக்கும் பணம் கட்டத் தேவையில்லை. என் கணக்கில் செயினின் விலை இருந்தது, வண்டியின் விலை இருந்தது. பின் சீட்டில் யார் உட்காரப்போகிறார்கள் என்பது இல்லை. அதை முதல் வரியில் எழுதியிருந்தால் மிச்சக் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

எங்கள் வீட்டில் இன்றும், பார்வைக்கு மட்டும் செய்கிற எந்த வேலைக்கும் 'சீட் கவர்' என்றுதான் பெயர். போன வாரம் உமா வீடியோவில் கூப்பிட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை இதயப் பரிசோதனைக்குப் போகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் காலையில்தான் தலைக்குச் சாயம் அடித்து, சலவைச் சட்டை போட்டிருந்தேன்.

"செக்கப் போனியா நைனா?"

"போனேம்மா. பாரு, எப்படி இருக்கேன்!"

உமா உற்றுப் பார்த்தாள். "சீட் கவரு புதுசா இருக்குது. செயினு?"

பின்னாலிருந்து சரோஜா, "காணிப்பாக்கம் பஸ்ஸு இப்ப வர்ற நேரம்தான்" என்றாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.