கிருமியின் ஆறு நாள் பத்தியம்

நெட்டை மூன்றாவது முறையாகத் தும்மினான்.

முதல் தும்மலுக்குக் கிருமி புத்தகத்தை மூடினான். இரண்டாவதற்கு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான். மூன்றாவதற்குச் செய்ய அந்த அறையில் எதுவும் மிச்சமில்லை. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான் இடம்.

"சளியாடா?"

"லேசா இருக்கு. ஃபேன் காத்து ஒத்துக்கல போல" என்று நெட்டை போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டான்.

லேசாக என்ற சொல்தான் கிருமியைப் பயமுறுத்தியது. பெரிய வியாதிகள் எல்லாம் லேசாகத்தான் ஆரம்பிக்கின்றன என்பது அவனுடைய ஆராய்ச்சி முடிவு.

விடுதிக்கு வந்த முதல் வாரமே தண்ணீர்க் குழாய்க்கு மேலே, 'இதைத் தொட்ட கையால் முகத்தைத் தொடாதீர்' என்று எழுதி ஒட்டியவன் அவன். அன்றிலிருந்து அவனுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. கூப்பிடுவதெல்லாம் கிருமி என்றுதான். அவனும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

ஆனால் இந்த முறை அவனுடைய பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்து அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு மாதம் முன்கூட்டியே பிறந்த குழந்தை. சளி, இருமல் உள்ள யாரும் கிட்டே வரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை ரயிலுக்குக் கிருமி டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். இன்று திங்கள்.

"உன்னை நான் இடுப்புலயே வச்சுக்கிட்டு அலைஞ்சேன். என் பொண்ணை நீ மடியில வச்சுக்கணும். உடம்பைப் பார்த்துக்கோ" என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள்.

கிருமி பெட்ஷீட் ஒன்றை எடுத்து, அறையின் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டான். முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டான்.

பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கமிருந்து நெட்டை கேட்டான். "என்னடா இது?"

உன் சளிக்குப் பயந்துதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நெட்டை யாருக்காவது கால் சுளுக்கினால்கூடக் கண் கலங்குகிறவன். அவன் மனசு நோகக் கூடாது என்று கிருமி நினைத்தான்.

"ஒண்ணுமில்லடா. கொஞ்ச நாளைக்கு இப்படி இருக்கட்டும். எல்லாம் நல்லதுக்குத்தான்."

பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கம் நெட்டை கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

மதியம் சாப்பாட்டுக் கூடத்துக்குச் சொந்தத் தட்டும் டம்ளரும் கொண்டுபோனான். பின்வாசலை ஒட்டிய கடைசி மேஜையில் தனியாக உட்கார்ந்தான். பரிமாற வந்த சமையல் மாஸ்டர் நின்றார்.

"என்ன தம்பி, எல்லாரும் அங்கே இருக்காங்க, நீ மட்டும் இங்கே?"

"டாக்டர் சொல்லியிருக்காங்க மாஸ்டர். யார்கூடவும் ஒட்டி உறவாடக் கூடாது, சனிக்கிழமை வரைக்கும்."

"எந்த டாக்டர்?"

"பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்."

மாஸ்டர் கரண்டியை ஒரு முழம் உயர்த்திப் பிடித்து, அங்கிருந்தே சாதத்தை விழவைத்தார். தட்டில் கரண்டி படவே இல்லை. இரண்டு வருஷமாகத் தான் கரடியாகக் கத்தியதற்குக் கடைசியில் பலன் கிடைத்துவிட்டது என்று கிருமிக்குத் திருப்தி.

செவ்வாயன்று குளியலறை வரிசையில் போய் நின்றான். முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "நீ போப்பா, எங்களுக்கு அவசரமில்ல" என்று விலகி வழிவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் எல்லாருக்கும் காலையில் பரீட்சை என்பது கிருமிக்குத் தெரியும். இப்படியும் நல்ல மனசு உண்டா என்று நினைத்தபடியே, வாளியைக் கொதிநீரில் மூன்று தரம் கழுவிவிட்டுக் குளித்தான்.

இவ்வளவு செய்தும் நிம்மதி வரவில்லை. சூடு ஆறிய எதையும் சாப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டதால் பாதிச் சாப்பாடுதான் உள்ளே போனது. நெட்டையின் மூச்சைக் கவனித்துக்கொண்டே படுத்திருந்ததில் தூக்கம் போயிற்று. கிருமிநாசினியில் ஊறி ஊறிக் கைத்தோல் உரிந்தது. புதன்கிழமை கண்ணாடியில் பார்த்தபோது கன்னம் ஒட்டி, கண் சிவந்து, யாரோ ஒருவன் அவனைப் பார்த்தான்.

நேராக விடுதி மருத்துவ அறைக்குப் போனான். நர்ஸ் அக்கா காய்ச்சல் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார்.

"உனக்கு ஒண்ணுமே இல்லப்பா. ஒழுங்காச் சாப்பிட்டுத் தூங்கு."

"அதை ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க அக்கா."

"எதை?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்கிறதை."

நர்ஸ் அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து, அதிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "ஏதாவது இருந்தா எழுதத்தான் என்கிட்ட ஃபாரம் இருக்கு. ஒண்ணுமில்லாததுக்கு இல்ல. இந்தச் சத்து மாத்திரையைப் போடு."

மாத்திரைக் கவரோடு வெளியே வந்தபோது எதிரே நெட்டை வந்தான். தன்னைப் பற்றிப் புகார் சொல்ல வந்ததாக நினைத்துவிடப் போகிறானே என்று கிருமி கவரைச் சட்டென்று பாக்கெட்டில் திணித்தான்.

"என்ன மாத்திரைடா அது?"

"எது? ஒண்ணுமில்லையே."

நெட்டை உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலை நெட்டை தலையணையைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றான். தும்மல் நின்று ஒரு நாள் ஆகியிருந்தது.

"நான் பக்கத்து ரூம்ல படுத்துக்கிறேன்டா. நீ நல்லா ரெஸ்ட் எடு. எது வேணும்னாலும் கூப்பிடு, நான் வெளியில நின்னு கேட்டுக்கிறேன்."

தானாகவே புரிந்துகொண்டு விலகிப்போகிறானே என்று கிருமிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. "கவலைப்படாதேடா. எல்லாம் சீக்கிரம் சரியாயிடும்."

நெட்டை ஏதோ சொல்ல வந்தான். பேச்சு வரவில்லை, தொண்டையை அடைத்துக்கொண்டது. சளி தொண்டைக்கு இறங்கிவிட்டது என்று கிருமி முடிவுகட்டி, அவன் போனதும் கதவின் கைப்பிடியைத் துடைத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வார்டன் வந்தார். எந்த அறைக்குள்ளும் கேட்காமல் நுழைந்து கட்டிலில் உட்காருகிற மனிதர், அன்று வாசலிலேயே நின்றார்.

"ஊருக்குக் கிளம்புறியாமே. வீட்டுல தெரியுமாப்பா?"

"தெரியும் சார். அக்காதான் வரச் சொன்னா."

"நல்லது. இந்த மாதிரி நேரத்துல சொந்தக்காரங்க பக்கத்துல இருக்குறதுதான் தெம்பு. லீவைப் பத்திக் கவலைப்படாதே. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல."

இரண்டு நாள் லீவுக்கு இரண்டு பக்கம் கடிதம் கேட்கிற வார்டன். கிருமி எழுந்து கைகூப்பினான். குழந்தை பிறந்த வீடு என்றால் மனுஷனுக்கு மனசு எப்படி இளகிவிடுகிறது.

அவர் பின்னாலேயே நெட்டை வந்தான்.

"ஊருக்குன்னா, உங்க வீட்டுக்குத்தானே?"

"இல்லடா, அக்கா வீட்டுக்கு. பாப்பாவைப் பார்க்க."

நெட்டையின் முகம் வெளுத்தது. "தூரத்துல இருந்துதானே?"

"தூரத்துல இருந்து பார்க்கவா இவ்வளவு செலவு பண்ணிப் போறேன்? மடியில வச்சுக் கொஞ்சப் போறேன்."

"பச்சைக் குழந்தைடா."

"அதனாலதாண்டா இந்தப் பாடெல்லாம். எனக்கு மட்டும்னா இவ்வளவு யோசிச்சிருப்பேனா?"

நெட்டை வார்டன் போன திசையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஓட்டமும் நடையுமாக மாடிப்படி இறங்கினான்.

சனிக்கிழமை காலை கிருமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அந்த மாடியில் இருந்த பதினொரு பேரும் அவரவர் அறை வாசலில் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கிருமி என்று கூப்பிடவில்லை. ஒருவன் அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி, "பத்திரமாப் போயிட்டு வா" என்றான். கிருமிக்குக் கண்ணில் நீர் முட்டியது. இவர்களைப் போய் இத்தனை நாள் அழுக்குப் பிண்டங்கள் என்று நினைத்தோமே.

ரயிலில் பக்கத்தில் யார் இருமினாலும் எழுந்து இடம் மாறினான். அப்படி மாறி மாறிக் கடைசியில் கதவோரத்தில் நின்றபடியே நான்கு மணி நேரம் பயணம் செய்தான். காலும் இடுப்பும் விட்டுப்போயின. ஆனால் ஒரு தும்மல் இல்லை, ஒரு செருமல் இல்லை. இறங்கியதும் குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினான். அந்தக் கையை எதன்மேலும் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு, பெட்டியை முழங்கையில் தொங்கவிட்டபடி அக்கா வீட்டுத் தெருவில் நடந்தான்.

கேட் பூட்டியிருந்தது. மாடி ஜன்னலுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். அவள் கையில் வெள்ளைத் துணி மூட்டை. அதிலிருந்து சின்னஞ்சிறு முஷ்டி ஒன்று வெளியே வந்து, காற்றில் எதையோ தேடிவிட்டு உள்ளே போயிற்று. கிருமி நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டான். ஆறு நாள் பட்டினியும் தூக்கமின்மையும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

அப்புறம்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அழுது அழுது வீங்கியிருந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் அத்தான் வந்தார். மாஸ்க் போட்டிருந்தார். நான்கு அடி தள்ளியே நின்றார்.

"என்னத்தான், உங்களுக்குச் சளியா?"

"எனக்கு ஒண்ணுமில்ல மாப்ளே."

"எனக்கும் ஒண்ணுமில்லத்தான். ஒரு வாரமா அப்படிப் பார்த்துப் பார்த்து இருந்திருக்கேன். கேட்டைத் திறங்க, பாப்பாவைத் தூக்கணும்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, பக்குவமாகச் சொன்னார்.

"எங்ககிட்ட எதுக்கு மாப்ளே மறைக்கிறே? வார்டன்கிட்ட நம்பர் வாங்கி, உங்க மாடிப் பசங்க பதினொரு பேரும் நேத்தே போன்ல அழுதுட்டாங்க, உனக்கு வந்திருக்குற வியாதிக்கு டாக்டருங்க இன்னும் பேரே வைக்கலையாமே."