அஞ்சாவது வளைவுல நின்ன ஆளு

செவ்வாக்கிழமை காலையில, படத்துக்குள்ள ஒரு ஆளு நின்னுக்கினு இருந்தான்.

திங்கக்கிழமை அந்தப் படத்துல ஆளே கெடயாது. கோவர்த்தனன் எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுவாரு. கார்வேட்டிநகரத்துல பழைய சாமான் கடையில அவரே பொறுக்கி வாங்கி, புத்தூர் வரைக்கும் பஸ்ல மடியில வெச்சுக்கினு வந்த படம். அவரு முட்டி மரத்துப்போச்சு, படத்துல ஒரு கீறல் விழல. சந்திரகிரி மகாலோட போட்டோ, கறுப்பு வெள்ளையில, கண்ணாடி போட்டது. ஒண்ணு பின்னால ஒண்ணா அஞ்சு வளைவு. உள்ள போகப்போக இருட்டு. அவ்ளோதான். ஒரு காக்கா கூட இல்ல.

இப்ப அஞ்சாவது வளைவுல, இருட்டு ஆரம்பிக்கிற எடத்துல, எறும்பு சைசுல ஒருத்தன். தலை இருக்குது, ரெண்டு காலு இருக்குது. இவரையே பாத்துக்கினு நிக்கிறான்.

"அம்சவேணி, கொஞ்சம் இங்க வா."

அவ புளி கரைச்ச கையோட வந்தா.

"இந்தப் படத்துல யாருனா இருக்காங்களா பாரு."

"எங்க?"

"அந்தக் கடைசி வளைவுல."

அவ படத்தைக் கொஞ்ச நேரம் பாத்தா. அதைவிட ரொம்ப நேரம் புருஷனைப் பாத்தா. "நேத்து பஸ்ல வெயிலு பக்கமா உக்காந்தீங்களா?"

அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு.

அந்தப் படம் சாதாரண படமில்ல, அதுல அவரு மானமே இருந்துச்சு. வெள்ளிக்கிழமை திருப்பதியில மச்சினி தாட்சாயணியும் அவ புருஷன் வெங்கடரமணனும் புது போட்டோ ஸ்டூடியோ தெறக்கறாங்க. ரெண்டும் ஸ்டைல் புடிச்ச ஜனங்க. ஊரே சேலைக்கு ஏத்த ரவிக்கை தேடிச்சுன்னா, தாட்சாயணி வேணும்னே எதிர் கலர்ல போடுவா. மறுமாசம் தெருவே அப்படிப் போடும். ஸ்டூடியோ திரையில மேகம், ஏழுமலை எல்லாம் அவளே வரைவா. வெங்கடரமணன் சும்மா காலு மேல காலு போட்டு உக்காந்தாலே பிரேம் போட்டு மாட்டலாம்.

அவங்க கல்யாணத்துக்கு கோவர்த்தனன் ஒரு பித்தளைக் கொடம் குடுத்தாரு. பொண்ணு மாப்பிள்ளை பேரு கடுகு மாதிரி. 'அன்பளிப்பு: தாலுகா ஆபீஸ் கோவர்த்தனன்' மட்டும் பூசணிக்கா மாதிரி. அடுத்த தடவ அவங்க வீட்டுக்குப் போனப்ப பாத்தாரு. கொடத்துல அழகா அரளிக் கொம்பு சொருகி வெச்சிருந்தாங்க. பேரு போட்ட பக்கம் செவுத்தைப் பாத்துக்கினு இருந்துச்சு.

மூணு வருஷமா அது தொண்டையில முள்ளா நிக்குது. இந்தத் தடவ ஒரு கிப்டு குடுக்கணும், அதுங்க வாயைப் பொளக்கணும்.

"நான் எதுனா பாக்கட்டுமா? எங்க தாட்சாவுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியும்"ன்னு, படம் வாங்கறதுக்கு முன்னாலயே அம்சவேணி கேட்டுப் பாத்தா.

"உனக்கு என்னடி தெரியும்? காளஹஸ்தியில உங்க நைனா திரைச்சீலைல கோடு போடுவாரு, நீ உள்ள கலரு ரொப்புவ. ரொப்பறதுக்கு கை போதும். கோடு போடத்தான் மூளை வேணும்."

அவ சிரிச்சா. மனுஷன் படத்துக்குப் பயந்ததுக்கு பதிலா அந்தச் சிரிப்புக்குப் பயந்திருக்கணும்.

புதன்கிழமை காலையில அவன் நாலாவது வளைவுக்கு வந்துட்டான்.

கட்டைவிரல் சைசு. வேட்டி தெரியுது. ஒரு காலு முன்னால, ஒரு காலு பின்னால. நிக்கல, நடந்து வர்றான்.

கோவர்த்தனன் பல்லுக் குச்சியைத் துப்பிட்டு நேரா எதுர் வீட்டுக்கு ஓடினாரு. அங்க ரங்கையா இருக்காரு. சர்வே ஆபீஸ்ல சங்கிலி புடிக்கிறவரு. ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லைக் கோடு எங்க விழப்போவுதுன்னு ஊரே அவரைத்தான் கேக்கும். அவரு கண்ணுக்குத் தப்பினது எதுவும் இல்ல.

ரெண்டு பேரும் உள்ள நுழையறதுக்குள்ள அம்சவேணி முந்திக்கிட்டா. "பெரியவங்க வராங்க, எவ்ளோ தூசி பாருங்க"ன்னு ஈர முந்தானையால கண்ணாடியை ஒரு தொடை தொடைச்சா.

ரங்கையா ஒரு கண்ணை மூடிக்கினு பாத்தாரு. "அஞ்சு வளைவு. ஏமீ லேதய்யா, ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாருய்யா. நாலாவதுல."

"மனிஷி லேடு. ஆளே இல்லய்யா."

கோவர்த்தனனும் பாத்தாரு. நெஜமாவே இல்ல. கண்ணாடியில அவரு மூஞ்சி மட்டும் வெளிறிப்போய்த் தெரிஞ்சுது.

"இல்லாத மனுஷன் ஒன் கண்ணுக்கு மட்டும் வர்றான்னா," ரங்கையா வாசல்ல செருப்பு மாட்டிக்கினே கொரலைத் தாழ்த்தினாரு, "அந்த மகாலு ரொம்ப காலமா காலியா கெடக்குது. அதுக்கு ஒரு ஆளு வேணுமோ என்னமோ. உன்னைப் புடிச்சுப்போச்சுன்னு நெனைக்கிறேன்."

சொல்லிட்டு அவரு பாட்டுக்குப் போய்ட்டாரு. ஆபீஸ்ல அன்னிக்கு கோவர்த்தனன் எழுதின தெலுங்கு பைல்ல எல்லா எழுத்தும் வளைவு வளைவா அவரைப் பாத்துச்சு.

வியாழக்கிழமை அவன் மூணாவது வளைவுல இல்ல. தாண்டி ரெண்டாவதுக்கே வந்துட்டான். என்ன அவசரமோ.

இப்ப ஒரு சாண் இருக்கான். முன்வழுக்கை. காதோரம் ரெண்டு கொத்து முடி. இடது தோள்ல கட்டம் போட்ட துண்டு. கோவர்த்தனன் மெதுவா தன் இடது தோளைத் தொட்டுப் பாத்தாரு. கட்டம் போட்ட துண்டு.

மூஞ்சி மட்டும் இல்ல. அந்த எடம் வெறும் வெள்ளையா இருந்துச்சு, யாரோ வரப்போறாங்கன்னு பலகை போட்டு வெச்ச மாதிரி.

அவருக்குக் காலு நகரல. கண்ணு மூடல. பொளந்த வாயும் மூடல. பின்னால அம்சவேணி அருவாமணை எதுர்ல உக்காந்து, கத்திரிக்காயைக் கையில புடிச்சுக்கினு அவரையே பாத்துக்கினு இருந்தா. காய் மட்டும் அரியல.

"ஏங்க, இட்லி ஆறுது."

"இதை குடுக்க வேணாம்."

"எதை?"

"இந்தப் படத்தை. வேணாம். என்னைக் கூப்புடறான்டி."

"நாளைக்கு ஸ்டூடியோ தெறக்கறாங்க. வெறுங்கையோடவா போறது? அவங்க எதுர்ல தலை நிமுந்து நிக்கணும்னு சொன்னது நீங்கதான்."

"உனக்கு என்ன தோணுதோ குடு. நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

"கேக்கமாட்டீங்களே?"

"பெருமாள் மேல ஆணை."

அதுக்கப்புறம் அவரு அந்தக் கூடத்துப் பக்கமே போகல. கொல்லை வழியா வந்தாரு, கொல்லை வழியா போனாரு.

வெள்ளிக்கிழமை திருப்பதி பஸ்ல அவ மடியில பழைய சேலை சுத்தின ஒரு மூட்டை. தட்டையா இருந்துச்சு.

"என்னது அது?"

"கேக்கமாட்டேன்னீங்க."

ஸ்டூடியோ வாசல்ல அப்பதான் மொட்டை போட்டு எறங்கின குடும்பம் ஒண்ணு போட்டோவுக்குக் காத்துக்கினு இருந்துச்சு. அப்பன், புள்ளை, பாட்டன், மூணு தலையிலயும் சந்தனம். தாட்சாயணி மஞ்சள் சேலையும் ஊதா ரவிக்கையுமா ஓடியாந்தா. அத்தினி பேரு எதுர்ல அக்கா மூட்டையை வாங்கி அவுத்தா.

சந்திரகிரி மகாலு. அஞ்சு வளைவு.

மொதல் வளைவுல, கண்ணாடியை ஒட்டி, வெளிய எறங்கப் போறவன் மாதிரி, கோவர்த்தனன் நின்னுக்கினு இருந்தாரு. இப்ப மூஞ்சி இருந்துச்சு. முழி பிதுங்கி, வாய் பொளந்து, அச்சு அசலா அவரு மூஞ்சி.

அசலு கோவர்த்தனனுக்கு உள்ளங்கால் சில்லுன்னு ஆச்சு. மொட்டைங்க மூணும் படத்தைப் பாத்துச்சுங்க, அவரைப் பாத்துச்சுங்க, மறுபடி படத்தைப் பாத்துச்சுங்க. சின்ன மொட்டை ஒரு அடி பின்னால போச்சு.

தாட்சாயணி படத்துக்குக் கிட்ட குனிஞ்சா. விரலைக் கண்ணாடியில அந்த உருவத்து ஓரமா வெச்சு லேசா தேய்ச்சா. விரலைத் திருப்பிப் பாத்தா. கறுப்பு.

"அக்கா. கண்மையா?"

"கண்மையும் வெத்தலை சுண்ணாம்பும். கண்ணாடி மேலதான். ஈரத்துணி பட்டா போயிடும், பத்திரம்."

"கோடு யாரு போட்டது?"

"நான்தான். கலரு ரொப்பற கை, சும்மா இருக்கல."

"போவாம மேல இன்னொரு கண்ணாடி போட்டுடறேன். வாசல்லயே மாட்டறேன். மலையேறி எறங்கற ஜனம் அத்தினியும் பாக்கணும்." தாட்சாயணி கண்ணு கலங்கிப்போச்சு. "எங்களுக்கு இந்த மாதிரி ஒண்ணு யாருமே குடுத்ததில்லக்கா."

"படம் உங்க மாமா செலெக்ஷன்டி"ன்னா அம்சவேணி.

அந்த ஒரு வார்த்தையில கோவர்த்தனனுக்குப் போன உசுரு பாதி திரும்பிச்சு. நெஞ்சை நிமித்தினாரு. துண்டை ஒதறி மறுபடி தோள்ல போட்டாரு. எல்லாம் தெரிஞ்சவர் மாதிரி ஒரு சிரிப்புக்கும் ஏற்பாடு பண்ணாரு.

வெங்கடரமணன் படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் புடிச்சாரு. "அண்ணி, நானும் ஒரு நாளைக்கு அம்பது பேரை கேமரா எதுர்ல நிறுத்தறேன். அசையாதீங்கன்னா ஒருத்தனும் கேக்கறதில்ல. இத்தினி பயத்தை மூஞ்சில வெச்சுக்கினு, நீங்க பாத்து வரையற வரைக்கும் யாரு இப்படி அசையாம நின்னது?"

"இவருதான்," அம்சவேணி முந்தானையால கை தொடைச்சுக்கினா. "மூணு நாளு. கூப்புடக்கூட இல்ல, காலையில எழுந்ததும் தானா வந்து நின்னுடுவாரு."

ஏங்க, நீங்க எதையாவது உத்துப் பாத்துக்கினு நிக்கும்போது, உங்க வீட்ல யாருனா உங்களை உத்துப் பாத்திருக்காங்களா?