மாண்புமிகு தெமிர்தாஸின் சட்டப்பணிகள்: முழுத்தொகுப்பு

சாரிபெல் மாவட்டத்தின் முன்னாள் செனட்டர் மாண்புமிகு தெமிர்தாஸ் அவர்களுக்கு எழுபது வயது நிறைவதை முன்னிட்டு, அன்னார் பன்னிரண்டு ஆண்டுகள் தலைநகரில் ஆற்றிய அரும்பெரும் சட்டப்பணிகளை முந்நூறு பக்க நூலாக வெளியிடுவது என்று மாவட்ட நிர்வாகம் முடிவு செய்தது. அதென்ன முந்நூறு என்று கேட்கக் கூடாது. பக்கத்து மாவட்டம் தன் செனட்டருக்கு இருநூற்றெண்பது போட்டிருந்தது.

எழுதும் பொறுப்பு ஆவணக் காப்பாளர் ரவ்ஷானின் தலையில் விழுந்தது. ஆவண அறையோடு ஒட்டியிருந்த வாசிப்பறையும் அவள் பொறுப்புதான். ஊரில் குளிர்காலத்தில் கணப்பு மூட்டி, யாரையும் எதுவும் கேட்காமல் உட்காரவிடும் ஒரே பொது இடம் அது.

தலைநகரிலிருந்து நடவடிக்கைக் குறிப்புகள் பதினாறு பெட்டிகளில் வந்தன. ஐந்து வாரம் தும்மித் தும்மிப் படித்தாள். பிறகு கலாச்சாரத் துறைத் துணைத்தலைவர் பெய்பித்தின் அறைக்குப் போனாள்.

"படிச்சிட்டேன் சார். ஆயிரத்து நூத்து நாப்பத்து மூணு மசோதா. எல்லாத்துக்கும் ஆதரவா ஓட்டுப் போட்டிருக்கார்."

"என்ன ஒரு உறுதி! பேச்செல்லாம்?"

"ஒரு தடவை பேசியிருக்கார்."

"எதைப் பத்தி?"

ரவ்ஷான் தாளைப் பார்த்துப் படித்தாள். "'அந்த ஜன்னலைச் சாத்துங்கப்பா, குளிருது.'"

பெய்பித் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். "எழுதிக்கம்மா. 'எரிசக்தி சேமிப்பில் அன்னாரின் முன்னோடிக் குரல்.' ஒரு அத்தியாயம் ஆச்சு."

"மிச்சத்துக்கு என்ன சார் எழுதுறது?"

"நேரா அவரையே போய்க் கேளு."

தெமிர்தாஸ் வீட்டு வாசலில் தம் குதிரைக்குப் பிடரி சீவிக்கொண்டிருந்தார். அவளை உள்ளே அழைத்துப் பால் விட்ட தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"ஐயா, நீங்க கொண்டுவந்த சட்டம் ஏதாவது ஒண்ணு இருந்தா..."

"நான் எங்கம்மா கொண்டுவந்தேன்? மேலேருந்து வரும். பொத்தானை அமுக்குவேன்."

"படிச்சிட்டுத்தானே அமுக்குவீங்க?"

கிழவர் சிரித்தார். "பன்னெண்டு வருஷத்துல இந்த மாவட்டத்துலேருந்து எத்தனை பேர் என்னைத் தேடி வந்திருப்பாங்க? காலேஜ்ல இடம் கேட்டாங்க, ஆஸ்பத்திரில படுக்கை கேட்டாங்க. ஒருத்தன் அவன் மாமியாரை வேற ஊருக்கு மாத்தச் சொல்லிக்கூடக் கேட்டான். ஒரே ஒரு ஆள், 'எந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டே, அதுல என்ன எழுதியிருந்துச்சு'ன்னு கேட்டிருந்தா, பயந்துபோயாவது படிச்சிருப்பேன். நீயும் வந்தியே, ஞாபகமிருக்கா?"

ரவ்ஷானுக்கு ஞாபகம் இருந்தது. தங்கை புருஷனின் இடமாற்றத்துக்காக வந்திருந்தாள். மாற்றல் கிடைத்தும் விட்டது. தேநீர் திடீரென்று சுட்டதுபோல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது பெய்பித் கலங்கவில்லை. தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். பக்கத்துக்கு நாலு மசோதா. ஒவ்வொன்றின் தலைப்புக்குக் கீழும் தடித்த எழுத்தில் 'ஆதரித்தார்'. அதுவே இருநூற்றெண்பத்தாறு பக்கம் வந்தது. ஜன்னலையும் புகைப்படங்களையும் சேர்த்து மீதி பதினாலு. முந்நூறு கச்சிதமாக நிறைந்தது. வரலாறு இவ்வளவு சரியாக வகுபடும் என்று ரவ்ஷான் நினைத்ததே இல்லை.

விழா நண்பகலில், மண்டபம் கொள்ளாத கூட்டத்தோடு நடந்தது. தலைமை விருந்தாளிக்கு மரியாதையாக வைக்கும் வெந்த ஆட்டுத்தலையைச் செனட்டர் முன் வைத்தார்கள். நூலை எல்லோரும் கையில் வாங்கி எடை பார்த்துப் பாராட்டினார்கள். தட்டுகளில் ஆவி பறக்கும் குதிரைக்கறி வந்து இறங்கிய அதே நொடியில் பெய்பித் எழுந்து, பதினோரு அம்சத் தீர்மானம் ஒன்றை வாசிக்கத் தொடங்கினார்.

"...மேற்படி அன்னாரின் புகழ் நிலைக்கும் பொருட்டு... கீழ்க்கண்டவாறு... ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்!"

இடது கையில் கறியோடு எல்லோரும் வலது கையைத் தூக்கினார்கள். பலத்த கைதட்டல்.

மறுநாள் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தபோதுதான் ரவ்ஷான் ஆறாம் அம்சத்தைப் படித்தாள். வாசிப்பறை மூடப்பட்டு, நூலின் விற்காத பிரதிகளைக் காக்கும் கிடங்காக மாற்றப்படும். பெய்பித்திடம் ஓடினாள்.

"சார், இதுக்கு யார் சம்மதிச்சது?"

அவர் விழாப் புகைப்படத்தை நீட்டினார். "இந்தக் கை யாரோடது? உன்னோட நீல ஸ்வெட்டர்தானே? எல்லாரையும்விட ஒரு சாண் உயரமா இருக்கும்மா."

அங்கிருந்து நேராகச் செனட்டர் வீட்டுக்குப் போனாள். அங்கே கதவுகள் திறந்து கிடந்தன. வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குதிரையை மட்டும் எங்கே ஏற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஒன்பதாவது அம்சம்," என்றார் தெமிர்தாஸ். "என் வீட்டை எனக்கே நினைவில்லம் ஆக்கியாச்சு. எனக்கு நாலாவது மாடியில ஒரு பிளாட்டாம்."

"நீங்களுமா கை தூக்கினீங்க?"

"பழக்கம்மா. 'ஆதரிப்பவர்கள்'னு காதுல விழுந்தா கை தானாப் போயிடுது."

ரவ்ஷானுக்கு ஆத்திரம் பொங்கியது. அங்கேயே உட்கார்ந்து, ஒரு வரி விடாமல், பதினோரு அம்சத்தையும் எதிர்த்து மூன்று பக்க மனு எழுதினாள். இனிமேல் இந்த ஊரில் எந்தத் தாளையும் படிக்காமல் யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று கடைசிப் பத்தியில் அடிக்கோடிட்டு எழுதினாள். வாசிப்பறைக்குக் கொண்டுபோய், கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாற்பது பேரிடம் கொடுத்தாள்.

மனு நாலு நிமிடத்தில் சுற்றி வந்துவிட்டது. நாற்பது கையெழுத்து. ஒருவரும் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை.

பின்னாலேயே வந்திருந்த தெமிர்தாஸ் பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றினார்.

"நான் எங்கம்மா போடணும்?"